செயலியில் மூன்று நட்சத்திரம், நோட்டில் தப்பு: சின்ன வகுப்புக் கணக்குக்குத் தொடுதிரையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

சுண்ணக்கட்டி எழுதியது:

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், 32 பிள்ளைகள். சென்ற ஆண்டின் கடைசியில் வகுப்புக்கு ஒரு தொடுதிரைப் பலகையும் எட்டு டேப்லெட்டும் வந்தன, கூடவே ஒரு கணக்குச் செயலி. ஆசையோடுதான் ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கும் ஒரே குஷி. கணக்கு பீரியட் எப்போது வரும் என்று கேட்கிற வகுப்பை நான் இப்போதுதான் பார்க்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் போன வாரம் நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பின்னங்களை ஒப்பிடும் பாடம். செயலியில் இரண்டு பட்டைகள் வரும், அவற்றின் மேல் பின்னம் எழுதியிருக்கும், பெரியதைத் தொட வேண்டும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் பறக்கும். ஒரு பெண் பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் மூன்றுக்கு மூன்று நட்சத்திரம், எனக்கு வரும் அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே முழுப் பச்சை. மறுநாள் 1/4, 1/8 இரண்டில் பெரியது எது என்று நோட்டில் எழுதச் சொன்னேன். 1/8ஐச் சுற்றி அழகாக வட்டம் போட்டிருந்தாள். ஏன்மா என்று கேட்டால், "எட்டுதானே டீச்சர் பெருசு" என்கிறாள், துளித் தயக்கம் இல்லாமல். ஒரு பிள்ளைதானே என்று மற்ற நோட்டுகளைப் புரட்டினேன். பாதி வகுப்பு அப்படித்தான் போட்டிருக்கிறது. அத்தனை பேருக்கும் அறிக்கையில் பச்சை.

இது செயலியின் குறையா, நான் பயன்படுத்திய விதத்தின் குறையா? எந்தப் பாடத்தைத் திரையில் வைக்கலாம், எதை வைக்கவே கூடாது? அப்புறம் எட்டு டேப்லெட்டை 32 பேருக்கு எப்படிப் பங்கிடுவது? ஒரு டேப்லெட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருத்தன் ஆடுகிறான், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வாய்ப்பாடு எழுதியது:

டீச்சர், முதலில் ஒன்று செய்து பாருங்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஆடும்போது திரையை விட்டுவிட்டு அவள் கண்ணையும் விரலையும் பாருங்கள். பத்துக் கேள்வி போதும். ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு முறை தொட்டதும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். பட்டையின் மேல் எழுதியிருக்கும் பின்னத்தை அவள் ஒரு தடவையாவது படிக்கிறாளா என்று பாருங்கள். படிக்க மாட்டாள் என்பது என் ஊகம். நீளமான பட்டை கண்ணுக்கு நேரே தெரியும்போது எண்ணைப் படிக்க அவளுக்கு என்ன அவசியம்? அவளிடம் அந்தச் செயலி கேட்ட கேள்வி "எது நீளம்?" என்பதுதான். நோட்டில் நீங்கள் கேட்ட கேள்வி வேறு.

இது திரையால் புதிதாக முளைத்த கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பென்னி என்று பெயரிட்டு ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தாள் தாளாகப் போட்டு, விடைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து மேலே போகிற திட்டம் அது. கணினி கிடையாது, வெறும் காகிதம். பென்னி இரண்டாம் வகுப்பிலிருந்தே அதில் படித்தவன், நன்றாக முன்னேறுகிற பையன் என்றுதான் ஆசிரியரும் நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2/10ஐத் தசமத்தில் 1.2 என்றான். மேலும் கீழும் கூட்டினால் 12, நடுவே புள்ளி வைத்தால் 1.2. அதே விதியில் 4/11, 11/4 இரண்டுமே 1.5. விடைப் பட்டியலோடு ஒத்துவராத இடத்தில், தன் விடையும் சரிதான், பட்டியலில் வேறு உருவத்தில் இருக்கிறது என்று அவனே சமாதானம் செய்துகொண்டிருக்கிறான். இத்தனை வருடம் அவனிடம் "ஏன்?" என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைய நட்சத்திரம் அன்றைய விடைப் பட்டியல். விடை ஒத்துப்போனதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் பச்சை அறிக்கையைப் பார்த்து அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். தினம் மூன்று பிள்ளைகளிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள், இரண்டு வாரத்தில் வகுப்பு முழுக்கப் பேசி முடித்துவிடலாம்.


சுண்ணக்கட்டி எழுதியது:

உட்கார்ந்து பார்த்தேன். நீளத்தைக்கூட அவள் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கிறாள்! அந்தச் செயலியில் அரைக்கு எப்போதும் சிவப்பு, காலுக்கு நீலம், எட்டில் ஒன்றுக்கு மஞ்சள். "சிவப்புதான் டீச்சர் எல்லாத்துக்கும் பெருசு, அப்புறம் நீலம், மஞ்சள் குட்டி" என்று வரிசையாக ஒப்பித்தாள். அவளாகவே கண்டுபிடித்த விதி அது, அதில் ஒரு தப்பும் இல்லை. பின்னம்தான் அதில் இல்லை.


இழுத்துவிடு எழுதியது:

நான் சில வருடம் இப்படிப்பட்ட பயிற்சிகளை உருவாக்கும் வேலையில் இருந்தவன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

இரண்டில் ஒன்றைத் தொடு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பாதிக்குப் பாதி சரியாகிவிடும். தப்பானதும் அதே கேள்விக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தால், மிச்சம் இருக்கிற ஒன்றைத் தொட வேண்டியதுதான் பாக்கி, அதற்கும் நட்சத்திரம். இப்படி ஒரு பாடத்தை யோசிக்காமலே முடிக்கலாம். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எது குறைந்த உழைப்பில் வேலையை முடிக்கிறதோ அதைக் கண்டுபிடிப்பது நல்ல மூளையின் வேலை. அந்தக் குறுக்குவழியை அடைப்பதுதான் பயிற்சியை உருவாக்குபவரின் பொறுப்பு, நிறத்தை மாற்றாமல் விட்டது அவர்கள் செய்த தவறு. நாங்களும் அதே தவறைச் செய்திருக்கிறோம், ஒரு ஆசிரியை வந்து காட்டும் வரை எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

நீங்கள் ஒரு செயலியை எடைபோட வேண்டும் என்றால் தெரிந்தே ஒரு தப்பான விடையைப் போட்டுப் பாருங்கள். அப்போது அது என்ன செய்கிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். சிவப்புப் பெருக்கல் குறி காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் அது பரீட்சை, பாடம் இல்லை. நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்றால், 0 முதல் 1 வரை ஒரு எண்கோடு, அதில் 1/8ஐ எங்கே வைப்பாய் என்று கேட்கும். பிள்ளை அதை 1/4க்கு வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறது. தப்பு என்று சொல்லாமல், கோட்டை அதன் கண் முன்னாலேயே எட்டுத் துண்டாகப் பிரித்து, முதல் துண்டு எங்கே முடிகிறது என்று காட்டும். பிள்ளை தான் வைத்த இடத்தையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்க்கும். விரல் தானாகவே இடப்பக்கம் நகரும். அந்த ஒரு நகர்வுக்காகத்தான் இவ்வளவு மின்சாரமும் செலவழிக்கிறோம் என்று நான் நினைப்பதுண்டு.

எண்கோட்டில் இன்னொரு லாபம், எவ்வளவு தூரம் தள்ளி வைத்தது என்று பார்த்தால் பிள்ளை என்ன நினைத்தது என்று ஆசிரியருக்கும் புரியும். சரி, தப்பு என்ற இரண்டே சொல்லில் அது வராது.

இலவசமாகக் கிடைப்பவற்றில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பயிற்சிகளைப் பாருங்கள். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம். முதலில் இயற்பியலுக்காக வந்தது, இப்போது பின்னம், எண்கோடு, பத்தாகச் சேர்த்தல், பரப்பளவு என்று சின்ன வகுப்புக் கணக்கும் நிறைய இருக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பழைய இணையதளங்களில் இருந்த பல நல்ல கணக்குப் பயிற்சிகள் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31ஓடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டதால் அவை இப்போது திறக்காது, அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.


குச்சிக்கட்டு எழுதியது:

எல்லாரும் எந்தச் செயலி நல்லது என்று பேசுகிறீர்கள், எனக்கு அதற்கு முந்தைய கேள்வியே தீரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் திரை எதற்கு? பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும்போது அந்தக் கட்டின் கனம் கைக்குத் தெரிகிறது. ஒரு கட்டு என்பது பத்து, அதே சமயம் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இடமதிப்பு, அது விரலில் ஏறாமல் தலையில் ஏறாது என்பது என் 20 வருட அனுபவம்.

சொந்த அனுபவம் மட்டும் இல்லை. 2008இல் சீக்லரும் கீதா ரமணியும் பள்ளி சேராத வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1 முதல் 10 வரை வரிசையாக எழுதிய பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டு, நான்கு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அவ்வளவுதான். எண் பற்றிய புரிதல் நன்றாகக் கூடியது. அதே பலகையை எண் இல்லாமல் நிறங்களை வைத்து ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. (உங்கள் சிவப்பு, நீலம் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.) ஒரு அட்டையும் நாலு காயும் செய்த வேலை அது. மறுபக்கம், பெரு நாட்டில் நூற்றுக்கணக்கான தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தார்கள், 2012இல் மதிப்பீடு வந்தது. கணினிப் புழக்கம் கூடியது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் இல்லை.

பணத்தையும் நேரத்தையும் கொட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டாமா?


எண்கோடு எழுதியது:

குச்சிக்கட்டு சொல்வதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம், முதல் கை குச்சிக்குத்தான். ஆனால் குச்சி செய்ய முடியாத ஒரு வேலையைத் திரை செய்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

403 − 168. நடுவில் சைபர். என் வகுப்பில் இதைக் கொடுத்தால் ஒரு பெரிய கூட்டம் 365 என்று எழுதும். நூறில் 4லிருந்து 1 போனால் 3. பத்தில் 0லிருந்து 6 எடுக்க முடியாது, சரி 6லிருந்து 0ஐ எடுத்துவிடலாம், 6. ஒன்றில் 3லிருந்து 8 போகாது, 8லிருந்து 3, ஆக 5. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று மனதுக்குள் ஒரு விதி. கடன் வாங்கு, கடன் வாங்கு என்று நாம் கத்துவது அந்த விதியை அசைக்காது, யாரிடம் கடன், பக்கத்து வீட்டில் ஒன்றுமே இல்லையே என்று பிள்ளை முழிக்கும்.

குச்சியில் இதைச் செய்தால் ஒரு நூறுக் கட்டைப் பிரிக்க வேண்டும். பெரிய கட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு அங்கிருந்து பத்துக் கட்டு எடுத்துவந்து மாற்றிக்கொள்வதுதான் வகுப்பில் நடக்கும். அந்தப் போய்வருகிற நேரத்தில் நூறும் பத்துப் பத்தும் ஒன்றே என்ற இழை அறுந்துபோகிறது, எங்கே நின்றோம் என்றே பிள்ளைக்கு மறந்துவிடும். திரையில் நூறுப் பலகையைத் தொட்டால் அது அதே இடத்தில் பத்துக் கோல்களாகப் பிளக்கிறது. ஒரு கோலைத் தொட்டால் பத்துக் கட்டையாக உதிர்கிறது. மேலே ஓரத்தில் 4, 0, 3 என்று இருந்தது 3, 10, 3 ஆகி, அப்புறம் 3, 9, 13 ஆகிறது, கையின் வேலையும் எண்ணின் மாற்றமும் ஒரே நொடியில். மொத்தம் இன்னும் 403தான் என்பதும் அங்கேயே நிற்கிறது. என் வகுப்புப் பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போகலையே சார், சில்லறை மாத்தினோம், அவ்ளோதான்" என்றான். கடன் வாங்குதல் என்ற சொல்லை நான் அன்றோடு விட்டுவிட்டேன். சில்லறை மாற்றுதல் என்றுதான் சொல்கிறேன், 235 என்ற விடை தானாக வருகிறது.

ஆய்வுகள் பற்றி: பெரு முடிவு சரிதான், ஆனால் அங்கே கொடுத்தது கருவியை, பாடத்தை இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், வதோதராவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து, தங்கள் நிலைக்கு ஏற்ற கணக்கு விளையாட்டுகளை ஆடினார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. அந்தக் குழுவில் இருந்த லின்டன் அப்புறம் குஜராத்திலேயே இன்னொன்று செய்தார். நல்ல வகுப்புப் பாடத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணினியை வைத்தபோது பிள்ளைகள் கற்றது குறைந்தது. அதே நிரலைப் பள்ளி முடிந்தபின் கூடுதலாக வைத்தபோது பலன் வந்தது, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக வந்தது. எதை எடுத்துவிட்டு எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குச்சிக்கட்டு எடுக்கிற பாடத்தை நிறுத்திவிட்டு அங்கே டேப்லெட் கொடுத்தால் நானே சண்டைக்கு வருவேன்.

எட்டு டேப்லெட் விஷயம். 32 பேரை இரண்டாகப் பிரியுங்கள். 16 பேர் இருவர் இருவராக எட்டு டேப்லெட்டில். மீதி 16 பேர் உங்களோடு தரையில், குச்சி, சிலேட்டு, பேச்சு. இருபது நிமிடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். டேப்லெட்டில் உட்காரும் ஜோடிக்கு ஒரே விதி: தொடுகிறவன் தானாகத் தொடக் கூடாது, பக்கத்தில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும், ஏன் என்று வாயால் சொன்னபிறகே தொடலாம். ஐந்து கேள்விக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். முதல் நாள் சத்தம் காது கிழியும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அந்தச் சத்தத்தில் "எட்டாப் பிரிச்சா சின்னதாத்தானே ஆகும்" மாதிரி வாக்கியங்கள் கேட்க ஆரம்பிக்கும்.

பெரிய பலகைக்கும் இதே கதைதான். ஒருவன் போய்த் தொட, 31 பேர் வேடிக்கை பார்த்தால் அது வெறும் பெரிய கரும்பலகை. கேள்வி வந்ததும் எல்லாரும் சிலேட்டில் விடையை எழுதித் தூக்க வேண்டும், நீங்கள் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம், அப்புறம்தான் ஒருவர் போய்த் தொட வேண்டும். முதலில் ஊகம், பிறகு தொடுதல். தொட்டுவிட்டால் விடை தெரிந்துவிடும், தெரிந்தபின் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

8 + 4 = □ + 5 என்பதை இப்படிக் கேட்டுப் பாருங்கள், 12ம் 17ம் எத்தனை சிலேட்டில் வருகிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். சமக்குறி என்றால் "இதோ விடை" என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன்பிறகு திரையில் தராசை வைத்து ஒரு தட்டில் 8ம் 4ம், மறு தட்டில் 12ம் 5ம் போடுங்கள். தட்டு சாய்ந்து நிற்கும்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதே இருக்காது.


ஐந்தாம் வகுப்பு அப்பா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உபயோகப்படுமா பாருங்கள்.

அவள் ஆமைக்குக் கட்டளை கொடுத்துப் படம் வரைகிற நிரலில் விளையாடுவாள். லோகோ என்று 1967இலேயே வந்தது, செய்மர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காகவே உருவாக்கியது. முன்னே 50 போ, வலப்பக்கம் 90 திரும்பு, இதை நான்கு தடவை செய் என்றால் சதுரம் வரும். சதுரம் போட்டுவிட்டு முக்கோணத்துக்கு வந்தாள். சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று பள்ளியில் படித்திருக்கிறாள், அதனால் 60 திரும்பு, மூன்று தடவை என்று கொடுத்தாள். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு அகலத் திறந்த வாயோடு நின்றுவிட்டது. முக்கோணம் இல்லை. கட்டளையில் எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தாள், மறுபடி அதேதான். விட்ட இடத்திலிருந்து இன்னும் மூன்று கோடு ஓடவிட்டாள், அறுகோணம் வந்து மூடிக்கொண்டது.

அப்புறம் எழுந்து தரையில் தானே ஆமையாக நடந்து பார்த்தாள். மூலையில் நின்று, எவ்வளவு திரும்புகிறேன் என்று உடம்பைத் திருப்பி. "அப்பா, உள்ளே இருக்கிற கோணம் வேற, நான் திரும்புற கோணம் வேற" என்றாள். 120 கொடுத்தாள், முக்கோணம் வந்தது. இதை நான் பத்தாம் வகுப்பில் வெளிக்கோணம் என்று மனப்பாடம் செய்தேன். ஆமை அவளுக்குத் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னதை அப்படியே செய்து காட்டியது.

மணி அடித்து நேரம் குறைகிற வாய்ப்பாட்டு விளையாட்டையும் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதில் அவள் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு நீக்கிவிட்டேன்.


குச்சிக்கட்டு எழுதியது:

சில்லறை மாற்றுவது போன்ற அந்தப் பலகையை நாளை ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கிறேன். குச்சிக்கு அப்புறம்தான், முன்னால் இல்லை. பரப்பளவுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா? பரப்பும் சுற்றளவும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும் என்று நினைப்பதை மாற்ற முடியவில்லை.


இழுத்துவிடு எழுதியது:

ஃபெட்டில் கட்டங்களை அடுக்கிப் பரப்பளவு கட்டும் பயிற்சி ஒன்று இருக்கிறது. 12 கட்டத்தை மட்டும் கொடுத்து எத்தனை விதமாகச் செவ்வகம் கட்டலாம் என்று கேளுங்கள். 3க்கு 4 என்று அடுக்கினால் சுற்றளவு 14, 2க்கு 6 என்றால் 16, ஒரே வரிசையில் நீட்டினால் 26. பரப்பு எப்போதும் 12. கட்டத்தை நகர்த்த நகர்த்தச் சுற்றளவு எண் மாறிக்கொண்டே இருப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். சுற்றளவு எண்ணை முதலில் மறைத்து வைத்துவிட்டு ஊகிக்கச் சொல்லுங்கள், எண்கோடு சொன்ன சிலேட்டு முறைதான்.


சுண்ணக்கட்டி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன்.

நட்சத்திரச் செயலியை ஒதுக்கிவிட்டேன். நிறம் மாற்றக்கூடிய பின்னப் பட்டைகளை எடுத்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிட்டேன். முதல் நாள் வகுப்பே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது, அந்தப் பெண் பிள்ளை "எது சிவப்பு டீச்சர்?" என்று கேட்டேவிட்டாள். நான் ஒரு முழுப் பட்டையைக் கொடுத்து, நீயே நான்காக வெட்டு, இன்னொன்றை எட்டாக வெட்டு என்றேன். வெட்டியபின் ஒரு துண்டை மற்றதன் மேல் இழுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பக்கத்துப் பையனிடம், "நிறைய பேருக்குப் பங்கு போட்டா குட்டிக் குட்டியாத்தான் வரும்டா" என்றாள். நோட்டில் மறுநாள் 1/4ஐச் சுற்றி வட்டம். 1/5, 1/7 என்று திரையில் பார்க்காத எண்களைக் கொடுத்தும் பார்த்தேன், சரியாகப் போட்டாள். வகுப்பில் இன்னும் ஆறு பேர் தடுமாறுகிறார்கள், அவர்களோடு தினம் உட்காருகிறேன்.

ஜோடியாக உட்கார்ந்து சொல்லச் சொல்லித் தொடுவது முதல் நாள் சந்தைக்கடைதான். இப்போது பழகிவிட்டது. ஒரே சிக்கல், நன்றாகப் பேசுகிற பிள்ளை பேசாத பிள்ளையை ஓட்டிக்கொண்டு போகிறது. ஜோடியை வாரம் ஒருமுறை மாற்றுகிறேன்.

நேற்று ஒரு பையன் பட்டையைப் பதினாறாக வெட்ட முடியுமா என்று கேட்டான். அந்த நிரலில் பன்னிரண்டுக்கு மேல் போகாது. காகிதத்தில் நீளமாக ஒரு நாடா வெட்டிக் கொடுத்தேன். மடித்தான், இரண்டு. மறுபடி, நான்கு, எட்டு, பதினாறு. முப்பத்திரண்டுக்கு நகத்தால் அழுத்திப் பார்த்தான், எப்படியோ மடித்துவிட்டான். அடுத்த மடிப்பு வரவில்லை. வகுப்பு மொத்தமும் எழுந்து வந்து அவனைச் சுற்றி நின்றது, டேப்லெட்டுகள் அவை பாட்டுக்கு மேசையில் கிடந்தன. விரித்துக் காட்டி எண்ணினோம், 32 துண்டு. "இன்னும் பெரிய நாடா இருந்தா 64 வருமா டீச்சர்?" என்று கேட்கிறான். நாளைக்குப் பெரிய நாடா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.


எண்கோடு எழுதியது:

அந்த நாடாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் டீச்சர். இடது முனையில் 0, வலது முனையில் 1 என்று எழுதிச் சுவரில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள், மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. நடு மடிப்பில் 1/2 என்று அவனே எழுதட்டும். அதே மடிப்புக்கு 2/4, 4/8, 16/32 என்று யாராவது ஒருவர் பெயர் வைக்க வருவார்கள், வரும் வரை நீங்கள் சொல்ல வேண்டாம்.